ஒரே படம், வேறு வேறு தாள்கள்: புகைப்பட அச்சில் நிறமும் கான்ட்ராஸ்டும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கோப்பை, ஒரே பிரிண்டரில், ஒரே மையைக் கொண்டு அச்சிட்டாலும், தாள் மாறியதும் படத்தின் முகமே மாறிவிடுகிறது. இங்க்ஜெட் பிரிண்டரில் சொந்தமாக அச்சிடத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. பெரும்பாலான கேள்விகளின் அடியில் இருக்கும் சிக்கல் ஒன்றுதான். ஒவ்வொரு தாளும் தாங்கக்கூடிய கருமைக்கும் நிறச்செறிவுக்கும் ஓர் எல்லை உண்டு. அதை அறியாமல் திரையை மட்டும் பார்த்துத் திருத்துகிறவர் தாளையும் மையையும் வீணாக்கிக்கொண்டே இருப்பார்.

திரையில் பளிச்சென்று தெரியும் படம் அச்சில் ஏன் இருண்டு வருகிறது?

பெரும்பாலும் குற்றம் பிரிண்டரிடம் இல்லை, திரையிடம்தான் இருக்கிறது. புதிதாக வாங்கும் மானிட்டர்கள், வெளிச்சம் நிறைந்த அறையிலும் கண்ணைக் கவர வேண்டும் என்பதற்காக மிகுந்த பிரகாசத்தோடு அமைக்கப்பட்டிருக்கும். சதுர மீட்டருக்கு 250 கேண்டெலாவுக்கு (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) மேல் ஒளிரும் திரைகள் சாதாரணம். அச்சுக்காகப் படம் திருத்துகிறவர்கள் அதை 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இறக்கி வைத்துக்கொள்வார்கள். பிரகாசமான திரையில் நிழற்பகுதிகளெல்லாம் துலக்கமாகத் தெரிவதால், படத்தில் வெளிச்சம் போதுமானதாக இருக்கிறது என்று நம்பி, இருட்டான கோப்பையே அச்சுக்கு அனுப்பிவிடுகிறோம்.

அளவுக் கருவி இல்லாதவர்கள் ஓர் எளிய சோதனை செய்யலாம். அச்சுப்படிகளை வழக்கமாக எந்த விளக்கின் கீழ் பார்ப்பீர்களோ அதன் கீழ், திரைக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுத் தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரையில் ஒன்றும் எழுதாத வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இரண்டு வெள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவு பிரகாசமாகத் தெரியும்வரை மானிட்டரின் பிரகாசத்தைக் குறையுங்கள். முதல் சில நிமிடங்கள் திரை சோகை பிடித்ததுபோல இருக்கும், கண் பழகிவிடும். அதன் பிறகு பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தால், அவை அச்சில் இருண்டதற்கான காரணம் திரையிலேயே தெரியும். இதைச் செய்யாமல் பிரிண்டர் டிரைவரில் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) உள்ள பிரகாச அளவைக் கூட்டி ஈடுகட்டுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து கொடுப்பது போன்றது.

பளபளப்புத் தாளில் உயிரோடு இருக்கும் படம் மேட் தாளில் ஏன் வெளிறிப் போகிறது?

தாளில் கிடைக்கும் மிக அடர்ந்த கருப்பை அடர்த்தி எண்ணால் அளப்பார்கள். இது மடக்கை அளவு என்பதால் சிறிய எண் வேறுபாடும் பெரிய வேறுபாடாகும். நல்ல பளபளப்புத் தாளிலும், பேரியம் சல்பேட் பூச்சு கொண்ட பரைட்டா தாளிலும் இந்த எண் 2.3 அளவிலும் அதற்கு மேலும் போகும். மேட் தாள்களில் பெரும்பாலும் 1.6-ஐ ஒட்டி நின்றுவிடும். 2.3 அடர்த்தியுள்ள கருப்பு தன்மேல் விழும் ஒளியில் 0.5 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. 1.6 அடர்த்தியுள்ள கருப்போ 2.5 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, அதாவது ஐந்து மடங்கு. தாளின் வெண்மை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், பளபளப்புத் தாளில் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 200-க்கு 1 என்றால் மேட் தாளில் அது சுமார் 40-க்கு 1 ஆகிறது. நல்ல மானிட்டர் 1000-க்கு 1 என்ற விகிதத்தைக் காட்டுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மேட் தாளிடம் நாம் எவ்வளவு அதிகமாகக் கேட்கிறோம் என்பது புரியும்.

வேறுபாட்டுக்குக் காரணம் மேற்பரப்புதான். வழவழப்பான பரப்பில் பட்ட ஒளி கண்ணாடியில் பட்டதுபோல ஒரே திசையில் தெறித்துப் போகிறது. தாளைச் சற்றுச் சாய்த்தால் அந்தத் தெறிப்பு கண்ணுக்கு வராமல் விலகி, மை மட்டும் தெரிகிறது. மேட் பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால், எந்தக் கோணத்தில் பிடித்தாலும் கருப்பின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று படிந்தே இருக்கும். எவ்வளவு மை ஊற்றினாலும் இந்தப் படலம் போகாது. நிறங்களின் செறிவு குறைவதற்கும், குறிப்பாக அடர்ந்த சிவப்பும் நீலமும் மங்குவதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

அப்படியானால் மேட் தாளில் கான்ட்ராஸ்டை மீட்கவே முடியாதா?

மொத்த வீச்சை மீட்க முடியாது; ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு முக்கியமான இடத்தில் கான்ட்ராஸ்டை வைக்க முடியும். மனித முகம், துணியின் மடிப்பு, இலைக்கூட்டம் ஆகியவை பெரும்பாலும் நடுத்தரத் தொனிகளில் இருப்பவை. படத்திருத்த மென்பொருளின் வளைவுக் கருவியில் (கர்வ்ஸ்) நடுப்பகுதியின் சரிவை லேசாகக் கூட்டினால் படம் மீண்டும் நிமிர்ந்து நிற்கும். கண் முழுக் கருப்பை அளந்து பார்ப்பதில்லை, பக்கத்துப் பக்கத்துத் தொனிகளைத்தான் ஒப்பிடுகிறது.

நிழற்பகுதிகளுக்கு மட்டும் ஊகம் உதவாது, சோதனை வேண்டும். 0 முதல் 40 வரையிலான சாம்பல் மதிப்புகளை இரண்டிரண்டாகக் கூட்டி, சிறு கட்டங்களாக ஒரு பட்டையில் வரிசைப்படுத்தி அச்சிடுங்கள். உலர்ந்த பிறகு நல்ல வெளிச்சத்தில் பார்த்து, பக்கத்தில் இருப்பதிலிருந்து தனியே பிரிந்து தெரியும் முதல் கட்டம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். என்னுடைய பரைட்டா தாளில் 6 என்ற மதிப்பிலேயே பிரிவு தெரிந்தது. பருத்தி இழையால் ஆன மேட் தாளில் 16 வரை எல்லாம் ஒரே கரிக்கட்டியாக இருந்தது. கருங்கூந்தலின் மதிப்புகள் 8-க்கும் 14-க்கும் இடையில் கிடந்த ஓர் உருவப்படம் அந்த மேட் தாளில் தொப்பி போட்டதுபோல வந்ததற்குக் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது. கூந்தலின் இழைகளை 18-க்கு மேல் தூக்கியதும் முடி முடியாக வந்தது. இந்தப் பட்டையைத் தாள் ஒன்றுக்கு ஒரு முறை அச்சிட்டு, ஓரத்தில் தாளின் பெயரை எழுதி வைத்துக்கொள்வது விலையுயர்ந்த எந்தக் கருவியையும்விட அதிகமாக உழைக்கும்.

ஐசிசி ப்ரொஃபைல் என்பது சரியாக என்ன?

நிறங்களை எல்லாக் கருவிகளும் ஒரே பொருளில் புரிந்துகொள்வதற்காக 1993-ஆம் ஆண்டு உருவான பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு (ஐசிசி) வகுத்த கோப்பு வடிவம் அது. ஒரு குறிப்பிட்ட பிரிண்டர், ஒரு குறிப்பிட்ட மை, ஒரு குறிப்பிட்ட தாள், டிரைவரில் ஒரு குறிப்பிட்ட அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்தால் எந்த எண்ணுக்கு எந்த நிறம் வரும் என்பதை அது பதிந்து வைத்திருக்கிறது. நான்கில் ஒன்று மாறினாலும் அந்தப் பதிவு பொய்யாகிவிடும். ஒரு நிறுவனத்தின் பளபளப்புத் தாளுக்கான ப்ரொஃபைலை இன்னொரு நிறுவனத்தின் பளபளப்புத் தாளுக்குப் பயன்படுத்துவது அடுத்தவரின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வது போன்றதுதான். சில சமயம் ஓரளவு தெரியும், அவ்வளவே.

தாள் தயாரிப்பாளர்கள் தங்கள் தாள்களுக்கான ப்ரொஃபைல்களைப் பிரிண்டர் மாடல் வாரியாக இலவசமாகத் தருகிறார்கள். அவற்றோடு வரும் சிறு குறிப்பில், டிரைவரில் எந்த மீடியா வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். ப்ரொஃபைலை நிறுவிவிட்டு அந்தக் குறிப்பைப் படிக்காமல் விடுவதே நான் அதிகம் பார்க்கும் தவறு.

மீடியா வகை என்ற அமைப்பு அவ்வளவு முக்கியமா?

ஆம். எவ்வளவு மை தெளிக்க வேண்டும், எந்தக் கருப்பு மையை எடுக்க வேண்டும், மைத்தலை தாளுக்கு எவ்வளவு மேலே நகர வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. பிக்மென்ட் மையில் (நுண்ணிய நிறத்துகள்கள் கலந்த மையில்) இயங்கும் பல பிரிண்டர்களில் பளபளப்புத் தாளுக்கு ஃபோட்டோ பிளாக், மேட் தாளுக்கு மேட் பிளாக் என்று இரண்டு கருப்பு மைகள் உண்டு. மேட் தாளில் ஃபோட்டோ பிளாக் போனால் கருப்பு சாம்பலாக வெளிறும். பளபளப்புத் தாளில் மேட் பிளாக் போனால் மை உள்ளே பிடிக்காமல் மேலேயே தங்கி, விரல் பட்டால் கரியாக ஒட்டிக்கொள்ளும்.

படம் முழுவதும் இளஞ்சிவப்புச் சாயல் ஏறி, கான்ட்ராஸ்ட் முரட்டுத்தனமாக வருகிறது. ஏன்?

பெரும்பாலும் நிறத் திருத்தம் இரண்டு முறை நடந்திருக்கும். படத்திருத்த மென்பொருள் ப்ரொஃபைலைக் கொண்டு ஒரு முறை நிறங்களை மாற்றுகிறது. டிரைவரில் நிறத் திருத்தம் அணைக்கப்படாமல் இருந்தால் அதுவும் தன் பங்குக்கு இன்னொரு முறை மாற்றுகிறது. மென்பொருளின் அச்சுப் பக்கத்தில் நிறத்தை மென்பொருளே நிர்வகிக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தால், டிரைவரில் நிறத் திருத்தம் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். இயங்குதளமோ டிரைவரோ புதுப்பிக்கப்பட்டதும் இந்தத் தேர்வு பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது உண்டு. நேற்றுவரை சரியாக வந்த அச்சு இன்று திடீரென்று கெட்டால் முதலில் இங்கே பாருங்கள்; அடுத்ததாக மைத்துளை சோதனைப் பக்கத்தை அச்சிடுங்கள். ஒரே ஒரு நிறத்தின் துளைகள் அடைத்துக்கொண்டாலும் படம் முழுவதும் எதிர்நிறம் பக்கம் சாய்ந்துவிடும்.

பெர்செப்சுவல், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் ஆகிய இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

தாளால் காட்ட முடியாத நிறங்களை என்ன செய்வது என்பதற்கான இரண்டு விடைகள் இவை. ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் முறையில், தாளால் காட்ட முடிந்த நிறங்கள் அப்படியே இருக்கும். முடியாதவை எல்லைக்குள் இருக்கும் மிக அருகிலுள்ள நிறத்துக்கு இழுக்கப்படும். பெர்செப்சுவல் முறையில், நிறங்களுக்கு இடையிலான உறவு கெடாமல் இருக்க மொத்த வீச்சும் சுருக்கப்படும்.

உருவப்படங்களுக்கும் அடங்கிய நிறங்கள் கொண்ட காட்சிகளுக்கும் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் பொருந்துகிறது. அதோடு, கோப்பின் கருப்பைத் தாளின் கருப்போடு பொருத்தும் பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனைத் தவறாமல் இயக்கி வையுங்கள், இல்லாவிட்டால் தாளின் கருமைக்குக் கீழே இருக்கும் நிழல்கள் அனைத்தும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அடர்சிவப்புப் பூவை மிக அருகில் எடுத்த படம் வேறு கதை. அதன் இதழ்களில் உள்ள பத்து வகைச் சிவப்புகளும் எல்லைக்கு வெளியே இருந்தால், ரிலேட்டிவ் முறை அவற்றைத் தட்டையான ஒரே சிவப்பாக்கிவிடும். பெர்செப்சுவல் முறையில் சிவப்பு சற்று அடங்கினாலும் இதழின் நரம்புகள் பிழைத்திருக்கும். ப்ரொஃபைலைச் செய்தவரின் மென்பொருளுக்கு ஏற்பப் பெர்செப்சுவல் சுருக்கம் மாறுபடும் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றத்தக்க விதி எதுவும் இதில் இல்லை. முக்கியமான படமென்றால் இரண்டையும் சிறு அளவில் அச்சிட்டுப் பாருங்கள்.

சாஃப்ட் ப்ரூஃபை இயக்கியதும் படம் அழுது வடிகிறதே, அதை நம்பலாமா?

சாஃப்ட் ப்ரூஃப் என்பது அச்சு எப்படி வரும் என்பதை அச்சிடும் முன்பே திரையில் காட்டும் வசதி. அதில் தாள் நிறத்தையும் மையின் கருமையையும் பாவித்துக் காட்டும் தேர்வை அழுத்திய கணத்தில் படம் விழுந்துவிட்டதுபோலத்தான் தோன்றும். அதற்குக் காரணம், மென்பொருளின் பட்டிகளும் சாளரங்களும் அதே திரையில் பிரகாசமான வெள்ளையோடு பக்கத்தில் நிற்பதுதான். படத்தை முழுத்திரைக்குக் கொண்டுவந்து, தேர்வை அழுத்தும்போது வேறு பக்கம் பார்த்துவிட்டு, சில நொடிகள் கழித்துத் திரும்பிப் பார்த்தால் கண் புதிய வெள்ளைக்குப் பழகியிருக்கும். அப்போது தெரிவது உண்மைக்கு மிக நெருக்கமானது. திருத்தங்களை மூலக் கோப்பில் செய்யாமல், தாளின் பெயரிட்ட தனி நகலிலோ தனி லேயரிலோ செய்யுங்கள். ஒரு தாளுக்காகத் தூக்கிய நிழல் இன்னொரு தாளில் சாம்பல் மூட்டமாகத் தெரியும்.

சாஃப்ட் ப்ரூஃப் நிறத்தையும் தொனியையும் மட்டுமே முன்கூட்டிச் சொல்லும். தாளின் இழைநயம், மினுக்கம், கையில் எடுத்தால் அதன் கனம் ஆகியவற்றைத் திரையால் சொல்ல முடியாது.

அதிக வெண்மையான தாள்தான் சிறந்த தாளா?

கண்ணைப் பறிக்கும் வெண்மை கொண்ட பல தாள்களில் ஒளியூட்டும் வேதிப்பொருள்கள் கலந்திருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாக வெளியிடுவதால் தாள் வெள்ளையைவிட வெள்ளையாகத் தெரிகிறது. சிக்கல் இரண்டு. புறஊதாக் கதிர் இல்லாத எல்இடி விளக்கின் கீழோ, அதைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பின்னாலோ வைத்தால் அந்த நீல மினுக்கு மறைந்து, தாள் மஞ்சளோடு தெரியும். மேலும், இந்தப் பொருள்கள் காலப்போக்கில் வலுவிழந்துவிடுவதால் வெளிச்சம் படும் சுவரில் மாட்டிய படத்தின் வெள்ளை மெல்ல மெல்ல மாறும். ஒளியூட்டிகள் இல்லாத தாள்கள் தொடக்கத்திலேயே சற்று இளமஞ்சள் கலந்த வெண்மையோடு இருக்கும்; ஆனால் இருக்கும் நிலையிலேயே நெடுநாள் இருக்கும். நீண்ட காலம் மாட்டிவைக்கும் படத்துக்கு நான் இவற்றையே பரிந்துரைப்பேன்.

பகலில் சரியாகத் தெரிந்த அச்சு இரவு விளக்கில் வேறு நிறமாகத் தெரிவது ஏன்?

இரண்டு நிறங்கள் ஓர் ஒளியின் கீழ் ஒன்றாகவும் இன்னோர் ஒளியின் கீழ் வேறாகவும் தெரிவது மையின் இயல்பிலேயே இருக்கிறது. பல மைகளைக் கலந்து உருவாக்கிய சாம்பலில் இது முதலில் வெளிப்படும். ஜன்னலோரம் நடுநிலையாக இருந்த கருப்பு வெள்ளைப் படம் மஞ்சள் பல்பின் கீழ் பச்சையாகவோ சிவப்பாகவோ சாய்ந்து தெரியலாம்.

எனவே எந்த ஒளியில் தீர்ப்பு சொல்கிறோம் என்பது முக்கியம். அச்சுத் துறையின் ஐஎஸ்ஓ 3664 தரநிலை 5000 கெல்வின் பகலொளியை அடிப்படையாகக் கொள்கிறது. கூர்ந்து ஒப்பிடுவதற்கு 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்த்து மதிப்பிடுவதற்கு 500 லக்ஸ் என்று இரண்டு வெளிச்ச நிலைகளையும் வகுக்கிறது. வீட்டில் அவ்வளவு துல்லியம் வேண்டியதில்லை. 5000 கெல்வினை ஒட்டிய, நிறவெளிப்பாட்டுக் குறியீடு 90-க்கு மேல் உள்ள ஒரு விளக்கை மேசைக்கு மேல் பொருத்தினால் போதும். படம் மாட்டப்போகும் இடம் தெரிந்திருந்தால், இறுதி முடிவை அந்த இடத்திலேயே எடுங்கள். மங்கலான தாழ்வாரத்தில் தொங்கப்போகும் படத்தைச் சற்று வெளிச்சமாகவே அச்சிட வேண்டும்.

கருப்பு வெள்ளைப் படங்களுக்குத் தனி அமைப்பு ஏதேனும் உண்டா?

பல சாம்பல் மைகள் கொண்ட பிரிண்டர்களின் டிரைவரில் கருப்பு வெள்ளைக்கென்று தனி முறை இருக்கும். அதில் வண்ண மைகளின் பயன்பாடு மிகக் குறைவு என்பதால், விளக்கு மாறும்போது சாம்பலின் சாயல் மாறுவதும் குறைகிறது. பளபளப்புத் தாளில் பிக்மென்ட் மையைக் கொண்டு அச்சிடும்போது அடர்ந்த பகுதிகள் சாய்த்துப் பார்த்தால் செம்பு நிறமாக மின்னுவது உண்டு. இந்த முறையில் அதுவும் பெரும்பாலும் தணியும். பிரிண்டரில் ஒரே ஒரு கருப்பு மைதான் இருக்கிறது என்றால், நல்ல ப்ரொஃபைலோடு வண்ண முறையில் அச்சிடுவதே மேல்.

கோப்பை எந்த நிறவெளியில் வைத்திருக்க வேண்டும்?

நிறவெளி என்பது ஒரு கோப்பால் குறிக்க முடிந்த நிறங்களின் எல்லை. சொந்த பிரிண்டருக்கு அடோபி ஆர்ஜிபி அல்லது அதைவிட அகன்ற வெளியில் 16 பிட் கோப்பாக வைத்திருங்கள். 1996-இல் திரைகளை மனத்தில் கொண்டு முன்வைக்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி வெளிக்கு வெளியே இருக்கும் சில பச்சைநீலங்களையும் அடர்பச்சைகளையும் இன்றைய இங்க்ஜெட் மைகளால் காட்ட முடியும். மறுபுறம், திரையில் ஒளிரும் அடர்நீலத்தை எந்தத் தாளிலும் முழுமையாகக் கொண்டுவர முடியாது. பல சமயம் அது ஊதாவை நோக்கி நழுவும். அப்போது நீலத்தின் செறிவை மட்டும் சற்றுக் குறைத்தால் நிறம் தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

வெளியே லேப்பில் கொடுத்து அச்சிடுவதானால், அவர்கள் வேறு எதுவும் சொல்லாத பட்சத்தில் எஸ்ஆர்ஜிபி கோப்பையே அனுப்புங்கள், ப்ரொஃபைலை உள்ளே பதித்து அனுப்புங்கள். தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று சொல்லவும் மறக்காதீர்கள். மூடுபனியில் எடுத்த என் படம் ஒன்றைத் திருத்தம் என்ற பெயரில் வெயிலடிக்க வைத்துக் கொடுத்தார்கள் ஒரு லேப்பில்.

அச்சிட்டவுடன் நிறத்தைத் தீர்மானிக்கலாமா?

வேண்டாம். டை மை (நிறம் திரவத்தில் கரைந்திருக்கும் மை) அச்சுகளின் நிறம் நிலைபெறப் பல மணி நேரம் ஆகும். பிக்மென்ட் மை விரைவாக நிலைக்கும் என்றாலும் அரை மணி நேரமாவது பொறுங்கள். ப்ரொஃபைல் செய்வதற்காக அளவிடப்போகும் தாளை ஒரு நாள் முழுவதும் உலரவிடுவதே வழக்கம்.

சொந்தமாக ப்ரொஃபைல் செய்துகொள்வது அவசியமா?

தயாரிப்பாளர் தந்த ப்ரொஃபைலில் சாம்பல் பட்டை நடுநிலையாக வந்து, தோல்நிறமும் நம்பும்படி இருந்தால் அவசியமில்லை. மாற்று மை பயன்படுத்துகிறவர்களுக்கும், ப்ரொஃபைல் கிடைக்காத தாள்மேல் ஆசை கொண்டவர்களுக்கும் அது தேவைப்படும். நூற்றுக்கணக்கான நிறக்கட்டங்கள் கொண்ட பக்கத்தை எல்லாத் திருத்தங்களையும் அணைத்து அச்சிட்டு, நிறத்தை அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் கட்டம் கட்டமாக அளந்து கணக்கிடுவதே முறை. ஒளியூட்டிகள் நிறைந்த தாளை அளப்பதாக இருந்தால், கருவி எம்1 நிலையில் அளக்கிறதா என்று பாருங்கள். பகலொளியில் உள்ள புறஊதாப் பங்கையும் கணக்கில் கொள்ளும் நிலை அது.

தாளின் எந்தப் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேட் தாள்களில் இது உண்மையிலேயே குழப்பும். ஈரமான விரலால் தாளின் மூலையை லேசாகத் தொடுங்கள். பூச்சுள்ள பக்கம் விரலைச் சற்றுப் பிடித்து இழுக்கும். பின்பக்கத்தில் அச்சிட்டால் மை இழைகளுக்குள் இறங்கிப் பரவி, நிறம் செத்து, விளிம்புகள் கலங்கியிருக்கும். அரை நாள் முழுவதும் ப்ரொஃபைலைச் சந்தேகித்துவிட்டு, கடைசியில் தாளைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்த அனுபவம் எனக்கு உண்டு.

எந்தப் படத்துக்கு எந்தத் தாள்?

இரவுக் காட்சி, ஈரமான தெரு, அடர்நிறப் பூ, கருநிறப் பின்னணி கொண்ட உருவப்படம் ஆகியவை கருமையின் ஆழத்தை நம்பி நிற்பவை. அவற்றுக்குப் பளபளப்பு, சாட்டின், பரைட்டா வகைகள் பொருந்தும். மூடுபனி, மணல்மேடு, ஜன்னல் வெளிச்சத்தில் அமர்ந்திருக்கும் முதியவரின் முகம் போன்றவற்றில் முழுக் கருப்பு என்று ஏதும் இருக்காது. மேட் தாளின் எல்லை அவற்றைத் தொடவே தொடாது. ஒரு படம் மூன்று முறை திருத்தியும் மேட் தாளில் நிமிரவில்லை என்றால் நான்காவது முறை திருத்தாதீர்கள், தாளை மாற்றுங்கள். அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கருத்தில் கொள்ளுங்கள்: சாதாரணக் கண்ணாடி தன் பிரதிபலிப்பால் எந்தத் தாளின் கருமையையும் சற்று வெளிறச் செய்யும்; பரைட்டாவுக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.